பதினெட்டாயிரம் படங்கள், ஒரு பழைய கணினி: வீட்டுப் போட்டோக்களை ஏஐ கொண்டு ஒழுங்குபடுத்துதல்

கோத்தகிரிப் பக்கத்தில் ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். அப்பாவின் போன், அம்மாவின் போன், கோவையில் படிக்கும் மகளின் போன், 2008-இல் வாங்கிய சின்ன டிஜிட்டல் கேமராவின் இரண்டு மெமரி கார்டுகள், கல்யாணத்துக்கு ஸ்டுடியோக்காரர் கொடுத்த டிவிடி, பீரோவின் மேல்தட்டில் பூஞ்சணம் பிடிக்கத் தொடங்கிய மூன்று ஆல்பங்கள். எல்லாவற்றையும் ஓரிடத்தில் கொட்டினால் பதினெட்டாயிரம் படங்கள் சாதாரணமாகத் தேறும். அதில் பாட்டி படுகர்களின் ஹெத்தையம்மன் திருவிழாவுக்குப் போன படம் எங்கே என்று கேட்டால் வீட்டில் ஒருவராலும் சொல்ல முடியாது.

இந்தக் குவியலைப் பிரித்து அடுக்கும் வேலையைச் செயற்கை நுண்ணறிவிடம், சுருக்கமாக ஏஐயிடம், தாராளமாகக் கொடுக்கலாம். ஒரு மனிதர் மூன்று மாதம் உட்கார்ந்து செய்வதை அது இரண்டு மூன்று இரவுகளில் முடித்துவிடும். ஆனால் எதைக் கொடுப்பது, எதைக் கொடுக்கக் கூடாது என்பதில் தெளிவு வேண்டும். அதுவும் மலையில் எடுத்த படங்கள் என்றால் இந்தச் செயலிகள் தமக்கே உரிய சில தவறுகளைச் செய்யும். அவை ஏன் வருகின்றன என்று புரிந்துகொண்டால் தவிர்ப்பது கடினமல்ல.

ஏஐ உண்மையில் என்ன செய்கிறது

ஊட்டி எங்கே இருக்கிறது என்பதை இரண்டு எண்களால் சொல்லிவிடலாம்: அட்சரேகை 11.41, தீர்க்கரேகை 76.70. குன்னூருக்கு 11.35, 76.79. கொடைக்கானலுக்கு 10.24, 77.49. ஊர்களைப் பார்த்தே இராத ஒருவர்கூட இந்த எண்களை வைத்து, ஊட்டிக்குக் குன்னூர் பக்கம், கொடைக்கானல் தூரம் என்று சொல்லிவிடுவார்.

ஏஐ படங்களை இப்படித்தான் கையாள்கிறது. ஒவ்வொரு படத்தையும் எண்களின் வரிசையாக மாற்றுகிறது. இரண்டு எண்களுக்குப் பதிலாக 128 எண்கள், 512 எண்கள் என்று போகும், அவ்வளவுதான். பிறகு எந்தப் படம் எந்தப் படத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது என்று தூரத்தை அளக்கிறது. ஒரே மாதிரிப் படங்களைக் கண்டுபிடிப்பது, ஒருவரின் முகங்களை ஒன்றுசேர்ப்பது, ‘மழையில் நனையும் ரயில்’ என்று தட்டினால் படம் எடுத்துக் கொடுப்பது எல்லாமே இந்தத் தூரக் கணக்குதான்.

கணக்கு முடிந்த பிறகுதான் சிக்கல் வருகிறது. எவ்வளவு பக்கம் வந்தால் ‘இரண்டும் ஒன்று’ என்று முடிவு கட்டுவது? யாரோ ஓரிடத்தில் எல்லைக்கோடு போட்டிருப்பார்கள். கோட்டைத் தளர்த்திப் போட்டால் அக்காவும் தங்கையும் ஒரே ஆள் ஆகிவிடுவார்கள். இறுக்கிப் போட்டால் கண்ணாடி போட்ட தாத்தாவும் கண்ணாடி கழற்றிய தாத்தாவும் இரண்டு பேர் ஆகிவிடுவார்கள். இந்தக் கட்டுரையில் இனி வரும் தவறுகளில் பெரும்பாலானவை இந்தக் கோட்டில்தான் பிறக்கின்றன. ஆகவே சேர்ப்பதையும் பிரிப்பதையும் ஏஐ செய்யட்டும், அழிப்பதை மட்டும் கையில் வைத்துக்கொள்ளுங்கள். இதில் எந்தச் சலுகையும் தர வேண்டாம்.

ஏஐயைத் தொடுவதற்கு முன்

முதலில் ஒரு ஹார்ட் டிஸ்க் வாங்கி, எல்லாப் படங்களையும் அதில் நகலெடுங்கள். வெட்டி ஒட்டாதீர்கள், நகல் மட்டும். எந்தச் சாதனத்திலிருந்து வந்ததோ அந்தப் பெயரிலேயே போல்டர் இருக்கட்டும்: ‘அம்மா போன்’, ‘பழைய கேமரா கார்டு 1’. நகலெடுத்து முடித்ததும் இரு பக்கமும் படங்களின் எண்ணிக்கையும் மொத்த அளவும் ஒத்துப்போகின்றனவா என்று பாருங்கள். படத்துக்குச் சராசரி 3.5 எம்பி என்று வைத்தால் பதினெட்டாயிரம் படங்களுக்கு 63 ஜிபி வரும். வீடியோவையும் சேர்த்தால் பல மடங்கு. 1 டிபி டிஸ்க் போதும்.

பிறகு அதே டிஸ்க்கை இன்னொரு டிஸ்க்கில் அப்படியே நகலெடுத்து, கீழே சமவெளியில், மேட்டுப்பாளையத்திலோ கோவையிலோ, கொடைக்கானல் பக்கத்துப் பழனி மலைக்காரர்கள் என்றால் வத்தலக்குண்டிலோ திண்டுக்கல்லிலோ, நம்பகமான உறவினர் வீட்டில் வைத்துவிடுங்கள். மூன்று பிரதிகள், இரண்டு வகைச் சாதனங்கள், ஒன்று வேறு ஊரில் என்பது ஆவணக் காப்பில் பழகிய கணக்கு. 2009 நவம்பரில் நீலகிரியில் நடந்த மண்சரிவுகளை நினைவில் வைத்திருப்பவர்களுக்கு அந்த மூன்றாவது பிரதி ஏன் வேறு ஊரில் இருக்க வேண்டும் என்று விளக்கத் தேவையில்லை. மலையில் இருக்கும் டிஸ்க்கைக் காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலம் இரண்டு போட்டு வையுங்கள். மழைக்காலத்தில் ஈரம் சும்மா விடாது.

அடுத்தது தேதி. இது சலிப்பான வேலைதான், ஆனால் இதைத் தாண்டிக் குதித்தவர்கள் பின்னால் எல்லாவற்றையும் மறுபடி செய்ய வேண்டிவரும். கேமராவும் போனும் படம் எடுத்த நேரத்தைக் கோப்புக்குள்ளேயே எழுதிவைக்கும். இதற்கு எக்ஸிஃப் என்று பெயர். கணினியில் கோப்புக்குப் பக்கத்தில் தெரியும் ‘மாற்றிய தேதி’ வேறு, அதை நம்பக் கூடாது. கோப்பைத் திருத்திச் சேமித்தாலோ சில வழிகளில் நகலெடுத்தாலோ அது மாறிவிடும்.

எக்ஸிஃப் தேதி கெடுவதற்கு இரண்டு காரணங்கள் அடிக்கடி வரும். ஒன்று, பேட்டரி முழுவதும் இறங்கிக் கிடந்த பழைய கேமரா. அது கடிகாரத்தைத் தொடக்கத்துக்கு இழுத்துவிடும். 2009 மே மாத மலர்க் கண்காட்சிப் படங்கள் 2000 ஜனவரி 1 என்று நிற்கும். நல்லவேளையாக இதைச் சரிசெய்ய முடியும், ஏனென்றால் ஒரே தடவை எடுத்த எல்லாப் படங்களும் ஒரே அளவுக்குத்தான் பின்தங்கியிருக்கும். நேரம் உறுதியாகத் தெரிந்த ஒரு படத்தைப் பிடியுங்கள். கல்யாணப் படமென்றால் பத்திரிகையில் முகூர்த்த நேரம் இருக்கும், தாலி கட்டும் படத்தை அதனோடு ஒப்பிட்டு வித்தியாசத்தைக் கணக்கிடுங்கள். டிஜிகேம் என்ற இலவச மென்பொருளில் நேரத்தைச் சரிசெய்யும் கருவி இருக்கிறது. மொத்தப் படங்களையும் தேர்ந்தெடுத்து, அந்த வித்தியாசத்தைக் கொடுத்தால் எல்லாம் ஒரேயடியாக நகர்ந்துவிடும்.

மற்றொன்று வாட்ஸ்அப். படமாக அனுப்பினால் வாட்ஸ்அப் எக்ஸிஃப் குறிப்புகளைக் களைந்துவிட்டு, படத்தையும் சுருக்கித்தான் அனுப்பும். எடுத்த நேரமும் இடமும் போய்விடும். கோப்பின் பெயரில் ‘ஐஎம்ஜி’ என்பதற்குப் பின் 20190414 என்று எட்டு இலக்கம் இருக்கும், அதன் பின் ‘டபிள்யூஏ’ என்று வரும். அந்த எட்டு இலக்கம் படம் வந்து சேர்ந்த நாள். மாமா பத்து வருடம் கழித்து அனுப்பிய பழைய படத்துக்கும் அனுப்பிய நாள்தான் பெயரில் இருக்கும். எனவே வாட்ஸ்அப் போல்டரைத் தனியாகவே வையுங்கள். அதே படம் யாருடைய போனிலாவது மூலப் பிரதியாக இருந்தால் அதைக் கேட்டு, ‘டாக்குமென்ட்’ ஆக அனுப்பச் சொல்லுங்கள். அப்படி அனுப்பினால் சுருங்காது, தேதியும் தங்கும்.

இரட்டைப் படங்கள்

ஒரே கோப்பு மூன்று போல்டரில் இருக்கிறதா என்று பார்க்க ஏஐயே வேண்டாம். கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து ஒரு நீண்ட எண்ணைக் கணக்கிட்டு அதன் கைரேகை போல வைத்துக்கொள்ளும் எஸ்எச்ஏ-256 போன்ற முறை போதும். கோப்பில் ஒரே ஒரு பிட் மாறினாலும் கைரேகை முற்றிலும் மாறிவிடும் என்பதால், இரண்டு கைரேகைகள் ஒத்துப்போனால் கோப்புகள் அச்சு அசல் ஒன்றேதான். ஒன்றை வைத்துக்கொண்டு மற்றவற்றைத் துணிந்து நீக்கலாம்.

நெருக்கமான பிரதிகள்தான் தந்திரமானவை. மூலப் படம் ஒன்று, வாட்ஸ்அப்பில் சுருங்கி வந்தது ஒன்று, அதே நொடியில் எடுத்த ஐந்து படங்கள். இவற்றைப் பிடிக்கும் எளிய முறை ஒன்றைப் பார்த்தால் மற்றவையும் விளங்கும். படத்தைக் கறுப்பு வெள்ளையாக்கி, 9 கட்டம் அகலம், 8 கட்டம் உயரம் என்று சுருக்கிவிடுவார்கள். ஒவ்வொரு வரிசையிலும் இடப்பக்கக் கட்டம் வலப்பக்கக் கட்டத்தைவிட வெளிச்சமா, இல்லையா என்று கேட்டு 1 அல்லது 0 எழுதுவார்கள். வரிசைக்கு 8 விடைகள், 8 வரிசைகள், மொத்தம் 64. இரண்டு படங்களின் 64 விடைகளில் எத்தனை வேறுபடுகின்றன என்று எண்ண வேண்டியதுதான் பாக்கி. ஒன்றுகூட வேறுபடவில்லை என்றால் பெரும்பாலும் ஒரே படம். பத்துக்குள் என்றால் சந்தேகத்துக்குரியது. அதற்கு மேல் என்றால் வேறு படம் என்று கொள்வது வழக்கம்.

இந்த முறை மூடுபனியில் தடுமாறும். தொட்டபெட்டாவில் (2637 மீட்டர்) மேகம் இறங்கிய நேரத்தில் எடுத்த படத்தில் பக்கத்துப் பக்கத்துக் கட்டங்கள் ஏறக்குறைய ஒரே சாம்பல் நிறம். எது வெளிச்சம் என்ற கேள்விக்கே பொருளில்லை. ஒன்றோடொன்று சம்பந்தமில்லாத இரண்டு பனிமூட்டப் படங்கள், ஒன்று தொட்டபெட்டா, இன்னொன்று கொடைக்கானல் தூண்பாறை, இரண்டும் ‘ஒன்றே’ என்று வந்து நிற்கும். இதற்கு நேர்மாறாக, அடுத்தடுத்த நொடியில் எடுத்த இரண்டு படங்கள் கேமரா தானாகச் சேர்த்துவிடும் சின்னச் சின்னப் புள்ளிகளால் வேறு வேறாகவும் காட்டப்படலாம். டிஜிகேமில் ஒற்றுமை அளவைச் சதவீதமாகக் கொடுக்கலாம். 90-க்குக் கீழே இறக்காதீர்கள். முடிவுகளை இரண்டிரண்டாகப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், வைத்துக்கொள்ள வேண்டியது எது என்று கேட்டால் பிக்சல் (படத்தின் நுண்புள்ளி) அதிகமுள்ளதும் எக்ஸிஃப் உள்ளதும்தான்.

மங்கலும் மூடுபனியும்

‘மங்கலான படங்களை நீக்கு’ என்ற பொத்தான் பல செயலிகளில் உண்டு. மலையூர்க்காரர்கள் அதை அழுத்துவதற்கு முன் இந்தப் பகுதியைக் கட்டாயம் படிக்க வேண்டும்.

கை ஆடி எடுத்த படத்தில் விளிம்புகள் கரைந்திருக்கும். கணினி இதை எப்படிக் கண்டுபிடிக்கிறது? பக்கத்துப் பிக்சல்களுக்கிடையே வெளிச்சம் எவ்வளவு சட்டென்று மாறுகிறது என்று படம் முழுக்க அளந்து, அந்த மாற்றங்கள் எவ்வளவு பரவலாக இருக்கின்றன என்று ஓர் எண் எடுக்கும். எண் சிறிதாக இருந்தால் மங்கல் என்று குறிக்கும். கட்டடமும் கடைத்தெருவும் நிறைந்த படத்துக்கு இந்தக் கணக்கு நன்றாகப் பொருந்தும். ஆனால் பனிமூட்டத்தில் தேயிலைச் சரிவும் சில்வர் ஓக் மரங்களும் பாதி தெரிந்தும் தெரியாமலும் நிற்கும் படத்தில் விளிம்புகளே குறைவு. துல்லியமாகக் குவித்து எடுத்த அழகான படமாக இருந்தாலும் எண் சிறிதாகத்தான் வரும். செயலி அதைக் குப்பை என்று ஒதுக்கும். இந்த மலைகளின் மிகச் சிறந்த படங்கள் போகக்கூடிய இடம் அந்தக் குப்பைத்தொட்டிதான்.

செய்ய வேண்டியது இது. மங்கல் சோதனைக்கு முன்பே மூடுபனிப் படங்களைத் தேடி எடுத்து (தேடும் விதம் கீழே வருகிறது) தனி ஆல்பத்தில் போட்டு, அந்த ஆல்பத்தைச் சோதனையிலிருந்து விலக்கிவிடுங்கள். மற்றதைச் சோதித்த பிறகு, ஒதுக்கப்பட்ட ஒவ்வொரு படத்தையும் முழு அளவில் பெரிதாக்கி, மிகப் பக்கத்தில் இருக்கும் பொருளைப் பாருங்கள்: வேலிக் கம்பி, தேயிலைக் கொழுந்து, ஸ்வெட்டரின் பின்னல். அது தெளிவாக இருந்தால் படம் நல்ல படம். டிஜிகேமின் தரம் பிரிக்கும் கருவி எதையும் அழிப்பதில்லை, ‘ஏற்றது’, ‘நிலுவை’, ‘ஒதுக்கியது’ என்று கொடி மட்டும் குத்தும். இந்த வேலைக்கு அதுவே சரியான முறை.

முகங்கள்

வீட்டுக்கு அதிகப் பயன் தரும் பகுதி இது. நான்கு படிகளில் நடக்கிறது. படத்தில் முகம் எங்கே என்று கண்டுபிடிப்பது, கண்கள் நேராக வரும்படி முகத்தைத் திருப்பி வெட்டுவது, வெட்டிய முகத்தை எண்களாக்குவது, பக்கத்துப் பக்கத்து எண்களை ஒரு கூட்டமாகச் சேர்ப்பது. 2015-இல் கூகுள் ஆராய்ச்சியாளர்கள் வெளியிட்ட ஃபேஸ்நெட் ஒரு முகத்தை 128 எண்களில் அடக்கியது. இன்று பரவலாக உள்ளவை 512 எண்கள் எடுக்கின்றன. பெயர் வைப்பது மட்டும் நம் வேலை. கூட்டத்துக்கு ஒருமுறை ‘சின்னத்தை’ என்று பெயர் கொடுத்தால் அந்தக் கூட்டத்தில் உள்ள முந்நூறு படங்களுக்கும் பெயர் போய்ச் சேரும்.

இனி, எங்கே தவறும் என்று பார்ப்போம். முதலாவது, குளிர். மார்கழி, தை மாதப் படங்களில் பாதிப்பேர் குரங்குக் குல்லாவும் மஃப்ளரும் போட்டிருப்பார்கள். தாடையும் காதும் நெற்றியும் மறைந்தால் முதல் படியிலேயே முகம் தவறிவிடும், அல்லது எண்கள் விலகிப் போய்த் தனிக் கூட்டமாக நிற்கும். அந்தக் கூட்டத்தை நாமே பார்த்துச் சேர்ப்பதைத் தவிர வழியில்லை.

இரண்டாவது, கூட்டப் படங்கள். முகத்தை எண்ணாக்கும் மாடல்களில் (பயிற்சி பெற்ற ஏஐ நிரல்களில்) பல, முகத்தை 112-க்கு 112 பிக்சல் சதுரமாக்கித்தான் அளக்கும். பள்ளி ஆண்டுவிழாவில் பின்வரிசையில் நிற்கும் குழந்தையின் முகம் மூலப் படத்தில் 30 பிக்சல்தான் என்றால் அதை இழுத்துப் பெரிதாக்கியே அளக்க வேண்டியிருக்கும். இல்லாத விவரம் எங்கிருந்து வரும்? அப்படிப்பட்ட முகங்கள் எல்லாம் ஒன்றுபோலவே தோன்றும், ஏதோ ஒரு கூட்டத்தில் போய் ஒட்டிக்கொள்ளும். வாட்ஸ்அப்பில் சுருங்கி வந்த குழுப்படங்களில் இது மிக அதிகம்.

மூன்றாவது, உடை. முகத்தை மட்டும் வெட்டி அளப்பவற்றுக்கு உடை ஒரு பொருட்டல்ல. ஆனால் ஆப்பிளின் போட்டோஸ் செயலி, முகம் சரியாகத் தெரியாதபோது அதே சமயத்தில் எடுத்த படங்களில் மேலுடம்பையும் சேர்த்து ஒப்பிடும். கடற்கரைச் சுற்றுலாவில் இது கைகொடுக்கும். எல்லாரும் வெள்ளை உடுத்தி, பெரியவர்கள் வெள்ளைத் தலைப்பாகை கட்டி வரும் ஹெத்தையம்மன் திருவிழாவில், அல்லது ஒரே சீருடையில் நிற்கும் வகுப்புப் படத்தில், அந்த ஒப்பீட்டுக்குப் பிடிமானமே இல்லை. அத்தகைய நாள்களின் படங்களை மட்டும் தனியாக ஒருமுறை சரிபாருங்கள்.

நான்காவது, குழந்தைகள். ஆறு மாதக் குழந்தையின் முகமும் ஆறு வயது முகமும் எண்களில் வெகுதூரம் விலகியிருக்கும். கைக்குழந்தைகளோ ஒருவருக்கொருவர் மிக நெருக்கமாக இருப்பார்கள், ஆகவே அண்ணனின் ஒரு வயதுப் படமும் தம்பியின் ஒரு வயதுப் படமும் கலந்துவிடும். இதற்கு ஒரு வழி உண்டு: வருடத்துக்கு மூன்று நான்கு தெளிவான படங்களுக்கு நீங்களே பெயர் கொடுங்கள். இரண்டு வயதுக்கும் மூன்று வயதுக்கும் உள்ள தூரம் சிறியது. படிப்படியாகக் கோத்துக்கொண்டே போகும். தேதியை முதலிலேயே சரிசெய்யச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம், தேதி தெரிந்தால் அண்ணன் யார், தம்பி யார் என்பதில் சந்தேகமே வராது.

எல்லைக்கோட்டை நாமே மாற்றக்கூடிய மென்பொருள்களும் உண்டு. வீட்டுக் கணினியிலேயே நிறுவும் இம்மிச்சில் முகங்களுக்கான தூர எல்லை தொடக்கத்தில் 0.5 என்றிருக்கும். ஒரே ஆள் ஐந்தாறு கூட்டமாகச் சிதறினால் சற்றே ஏற்றலாம், இரண்டு பேர் ஒன்றானால் இறக்க வேண்டும். சந்தேகம் இருந்தால் இறக்கியே வையுங்கள். சிதறிய கூட்டங்களைச் சேர்ப்பது இரண்டு சொடுக்கு வேலை. கலந்துபோன அக்கா தங்கையைப் படம் படமாகப் பிரிப்பதற்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்விடும். குறைந்தது எத்தனை முகம் சேர்ந்தால் ஒரு ஆளாகக் கொள்வது என்ற இன்னோர் அளவும் அதில் உண்டு, தொடக்கத்தில் 3. கொடைக்கானல் ஏரிப் படகுத்துறையிலும் ஊட்டி தாவரவியல் பூங்காவிலும் எடுத்த படங்களின் பின்னணியில் முன்பின் தெரியாத சுற்றுலாப் பயணிகள் நிறைய இருப்பார்கள். அவர்கள் முகங்கள் வந்து குவிந்தால் 3-ஐ 5 ஆக்குங்கள்.

சொல்லைக் கொண்டு தேடுவது

2021 ஜனவரியில் ஓப்பன்ஏஐ வெளியிட்ட கிளிப் என்ற மாடல், 40 கோடி படங்களையும் அவற்றோடு இருந்த வரிகளையும் சேர்த்துப் பயின்றது. படத்தையும் சொல்லையும் ஒரே எண் வெளியில் வைக்கக் கற்றுக்கொண்டது. இன்று பல செயலிகளில் ‘நாயோடு விளையாடும் குழந்தை’ என்று தேட முடிவது இந்த வகை மாடல்களால்தான். முன்பே ‘நாய்’ என்று யாரும் பெயர் ஒட்டியிருக்க வேண்டியதில்லை.

தமிழில் தேடும்போது ஒன்றைக் கவனியுங்கள். கிளிப்பின் மூல மாடல் ஆங்கில வரிகளைக் கொண்டே பயின்றது. அதனிடம் தமிழில் கேட்டால் சம்பந்தமில்லாத படங்கள் வரும். இம்மிச்சில் தொடக்கத்தில் இருப்பதும் அந்த வகைதான். அமைப்புகளில் போய்ப் பல மொழி அறிந்த மாடலுக்கு மாற்றிக்கொள்ளலாம், மாற்றினால் எல்லாப் படங்களையும் மறுபடி எண்ணாக்க வேண்டும். அப்போதும் ஒற்றைச் சொல் போதாது. நமக்குப் ‘பனி’ என்றால் காலையில் புல்லில் இருக்கும் துளியும் பனி, சாலையை மூடும் மேகமும் பனி, ஊட்டிப் பக்கத்துத் தலைகுந்தாவில் டிசம்பர், ஜனவரி விடியலில் புல்வெளி வெளுத்துக் கிடப்பதும் பனி, இமயமலையில் கொட்டிக் கிடப்பதும் பனி. மாடலுக்கு இந்த வேறுபாடு தானாகத் தெரியாது. ‘மூடுபனியில் சாலை’, ‘உறைபனி படிந்த புல்வெளி’ என்று இரண்டு மூன்று சொற்களாகக் கேளுங்கள். முடிவு வெகுவாக மாறும்.

இந்தத் தேடலுக்கு ‘இல்லை’ என்று சொல்லத் தெரியாது என்பதையும் மறக்காதீர்கள். அது பக்கத்தில் இருப்பவற்றை வரிசைப்படுத்தும், அவ்வளவே. உங்கள் குவியலில் யானைப் படமே இல்லாவிட்டாலும் ‘யானை’ என்று தேடினால் தேயிலைக்குள் நிற்கும் காட்டெருமையை முதலில் கொண்டுவந்து வைக்கும்.

உள்ளூர்ப் பெயர்களும் அதற்கு அவ்வளவாகத் தெரியாது. தோடர்களின் பூவேலைச் சால்வையான பூத்துக்குளி, அதற்கு வெறும் சால்வை என்ற அளவில் நின்றுவிடலாம். குறிஞ்சியைக் கேட்டால் ஜகரண்டாவும் ஹைட்ரேஞ்சியாவும் சேர்ந்து வரும், எல்லாம் ஊதாதானே. இங்கேதான் தேடலையும் தேதியையும் சேர்த்துப் பயன்படுத்த வேண்டும். நீலக்குறிஞ்சி 12 ஆண்டுக்கு ஒருமுறை பூக்கிறது. பெரும் பூப்பு 2006-இல், பிறகு 2018-இல். ‘மலைச்சரிவில் ஊதாப் பூக்கள்’ என்று தேடி, தேதியை 2018 ஜூலை முதல் அக்டோபர் வரை என்று சுருக்குங்கள். ஜகரண்டா கோடையில் பூப்பது, அது விலகிவிடும். கிடைத்தவற்றுக்கு ‘குறிஞ்சி 2018’ என்று நீங்களே பெயர் வைத்துவிட்டால் 2030-இல் ஒப்பிட்டுப் பார்க்க வசதியாக இருக்கும்.

இடத்தைப் பற்றிச் சுருக்கமாக: படத்தில் ஜிபிஎஸ் குறிப்பு இருந்தால் செயலி அருகிலுள்ள ஊரின் பெயரைக் காட்டும். அருகு என்பது நேர்க்கோட்டுத் தூரம். மலையில் நேர்க்கோட்டில் பக்கத்தில் இருக்கும் ஊர் பள்ளத்தாக்குக்கு அப்பால் ஒரு மணி நேரப் பயணத்தில் இருக்கலாம், சின்ன அட்டிகளின் (படுகர் ஊர்களின்) பெயர் பட்டியலிலேயே இல்லாமலும் போகலாம். ஊர்ப் பெயர் தவறாக இருந்தாலும் எண்கள் பெரும்பாலும் சரியாகவே இருக்கும், அவற்றை அழிக்காதீர்கள்.

ஆல்பப் படங்கள்

ஒட்டும் தாள் கொண்ட ஆல்பங்களில் படம் அட்டையோடு பிடித்துக்கொண்டிருந்தால் பிய்க்காதீர்கள். பல் இடுக்கில் விடும் நூலைப் படத்துக்கும் தாளுக்கும் நடுவே விட்டு, அறுப்பது போல மெல்ல நகர்த்தினால் பிரிந்து வரும். வரவே மறுத்தால் ஆல்பத்தோடு ஸ்கேன் செய்துவிடுங்கள். பூஞ்சணம் இருந்தால் தண்ணீர் தொடவே கூடாது. நன்றாக உலரவிட்டு, வாசலில் வைத்து மென்மையான தூரிகையால் தட்டுங்கள், முகமூடி போட்டுக்கொள்ளுங்கள். 600 டிபிஐயில் (அங்குலத்துக்கு 600 புள்ளி) ஸ்கேன் செய்தால் 4-க்கு 6 அங்குலப் படம் 2400-க்கு 3600 பிக்சலாக வரும், முகங்களைப் பிரித்தறிய அது தாராளம். ஸ்கேன் செய்த நாள்தான் எக்ஸிஃபில் பதிந்திருக்கும், அதை மாற்றுங்கள். வருடம் மட்டும் தெரிந்தால் 1978 ஜனவரி 1 என்று கொடுத்து ‘சுமார்’ என்ற குறிச்சொல்லைச் சேர்த்துவிடுங்கள். படத்தின் பின்பக்கத்தில் எழுத்து இருந்தால் அதையும் ஸ்கேன் செய்ய மறக்க வேண்டாம்.

பழைய முகங்களைக் கூர்மையாக்கித் தரும் ஏஐ செயலிகள் இப்போது நிறைய இருக்கின்றன. அவை தேய்ந்துபோன இடத்தில், தாங்கள் பயின்ற ஆயிரமாயிரம் முகங்களிலிருந்து ஊகித்து, புதுக் கண்ணையும் புது மூக்கையும் வரைகின்றன. வரும் முகம் பளிச்சென்று இருக்கும். ஆனால் அது பாட்டியின் முகம் என்று உறுதி சொல்ல முடியாது. சட்டம் போட்டு மாட்ட ஆசைப்பட்டால் செய்துகொள்ளுங்கள். மூல ஸ்கேனின் மேல் மட்டும் அதைச் சேமித்துவிடாதீர்கள், பெயரிலேயே ‘ஏஐ திருத்தியது’ என்று எழுதிவையுங்கள். பேரப்பிள்ளைகளுக்கு எது உண்மையான முகம் என்று தெரிய வேண்டும்.

இணைய மேகத்திலா, வீட்டிலா

கூகுள் போட்டோஸ் முதலிய இணையச் சேமிப்புகளில் ஏற்றிவிட்டால் எல்லாம் தானாக நடக்கும். இலவச இடம் 15 ஜிபி, அதுவும் ஜிமெயிலோடும் டிரைவோடும் பங்கு. மேலே சொன்ன சராசரியில் சுமார் நாலாயிரத்து முந்நூறு படங்களில் நிரம்பிவிடும். மேலேற்றும் வேகத்தையும் பாருங்கள்: 63 ஜிபியை நொடிக்கு 4 மெகாபிட் வேகத்தில் ஏற்ற 35 மணி நேரம் ஆகும். மழையில் லைன் விட்டு விட்டு வரும் ஊரில் ஒரு வாரம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஒரு எச்சரிக்கை: ஏற்றிய படத்தை அந்தச் செயலிக்குள் அழித்தால் போனிலிருந்தும் போய்விடும். போனில் மட்டும் இடம் வேண்டுமென்றால் அதற்கென்று உள்ள ‘இடத்தைக் காலியாக்கு’ வழியில்தான் போக வேண்டும்.

வீட்டிலேயே செய்ய டிஜிகேமோ இம்மிச்சோ போதும். டிஜிகேம் சாதாரண மென்பொருள் போல நிறுவிக்கொள்ளலாம், முகம் அறியும் மாடல்களை முதல்முறை மட்டும் இணையத்திலிருந்து இறக்கக் கேட்கும். இம்மிச் நிறுவக் கொஞ்சம் கணினிப் பழக்கம் வேண்டும், ஆனால் வீட்டில் எல்லாருடைய போனிலிருந்தும் பார்க்கலாம். 8 ஜிபி ரேம் உள்ள பழைய மேசைக்கணினியில் படத்துக்கு ஒரு விநாடி என்று வைத்தால்கூட, ஒரு சுற்று பதினெட்டாயிரத்துக்கு ஐந்து மணி நேரம். மின்சாரம் போனால் விட்ட இடத்திலிருந்து தொடரும், ஆனால் எழுதிக்கொண்டிருக்கும் டிஸ்க்குக்கு அது நல்லதல்ல, ஒரு சின்ன யுபிஎஸ் வைத்துவிடுங்கள். ஆதார், ரேஷன் கார்டு, மருத்துவ அறிக்கை ஆகியவற்றின் படங்களை எந்த வழியாக இருந்தாலும் முதலிலேயே பிரித்தெடுத்துப் பூட்டிய போல்டரில் வையுங்கள்.

பெயர் வைக்க உட்காரும் நாளுக்கு முன் ஓர் அமைப்பை மாற்ற வேண்டும். பல மென்பொருள்கள் முகப் பெயர்களைத் தங்கள் தரவுத்தளத்தில் மட்டும் எழுதும். மென்பொருள் போனால் பெயர்களும் போகும். கூகுள் 2016-இல் பிக்காசாவை நிறுத்தியபோது அதில் ஆண்டுக்கணக்காக முகங்களுக்குப் பெயர் வைத்திருந்தவர்கள், படத்துக்குள் எழுதிவைக்காவிட்டால் அவற்றை வேறு மென்பொருளுக்குக் கொண்டுபோகத் தவிக்க வேண்டியதாயிற்று. டிஜிகேமின் அமைப்புகளில் மெட்டாடேட்டா (படத்தைப் பற்றிய குறிப்புகள்) என்ற பகுதிக்குப் போய், முகக் குறிகளையும் குறிச்சொற்களையும் படக் கோப்புக்குள்ளேயே எழுதும்படி தேர்வு செய்யுங்கள். பிறகு ஒரே ஒரு படத்துக்குப் பெயர் கொடுத்து, அந்தக் கோப்பைப் பென்டிரைவில் எடுத்துப்போய் வேறு கணினியில் வேறு மென்பொருளில் திறந்து பாருங்கள். பெயர் தெரிந்தால், வீட்டில் மூத்தவரைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு, ஆல்பத்தின் முதல் பக்கத்திலிருந்து தொடங்கலாம்.